நிறம் மாற்றும் நிழற்படங்கள்

"அண்ணா, ஃபுல்-ஃபிரேம் வாங்கலாமா, வேண்டாமா?"

தமிழ்மொழிக் கழகத்தில் நிழற்படப் பொறுப்பை ஏற்றுக்கொண்ட நாள் முதல் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். முதலாம் ஆண்டு மாணவர்கள் கேட்கிறார்கள். பட்டம் பெற்று வேலைக்குப் போய்விட்ட மூத்தவர்களும் கேட்கிறார்கள். வார இறுதிகளில் திருமணம், காதணி விழா, கோயில் திருவிழா என்று படமெடுத்துக் கைச்செலவுக்குச் சம்பாதிக்கும் நண்பர்கள் நம்மிடையே பலர் இருக்கின்றனர். ஆகவே இதை வெறும் ஆசைக் கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். ஆனால் நம்மவர்கள் வழக்கமாகச் சொல்லும் காரணங்களுக்காக வாங்க வேண்டாம். நம் தோலின் நிறத்தை உள்ளது உள்ளபடி பதிவு செய்வதற்காக வாங்குங்கள். அதற்கு மனமில்லை என்றால் கையில் இருக்கும் கைத்தொலைபேசியே போதும், காசாவது மிஞ்சும்.

ஃபுல்-ஃபிரேம் என்பது ஓர் அளவு, அவ்வளவே. பழைய 35 மில்லிமீட்டர் பிலிம் சுருளில் ஒரு படம் பிடிக்கும் இடம் 36 மி.மீ. அகலம், 24 மி.மீ. உயரம். அதே அளவு சென்சார் உள்ள கேமராவே ஃபுல்-ஃபிரேம் கேமரா. பரப்பைக் கணக்கிட்டால் 864 சதுர மில்லிமீட்டர். மாணவர்கள் பெரும்பாலும் வைத்திருக்கும் ஏபிஎஸ்-சி வகைக் கேமராக்களில் இது ஏறக்குறைய 367 தான். கைத்தொலைபேசிகள் பெரும்பாலானவற்றில் 864இல் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரே துளை, ஒரே ஷட்டர் வேகம் வைத்து எடுத்தாலும், பெரிய சென்சார் மொத்தத்தில் கூடுதலான ஒளியை வாங்கிக்கொள்கிறது. மழையில் வாளி வைப்பதற்கும் குவளை வைப்பதற்கும் உள்ள வேறுபாடுதான். மிரர்லெஸ் என்பதோ, டிஎஸ்எல்ஆர் கேமராவுக்குள் இருந்த கண்ணாடியை எடுத்துவிட்டு, கண் வைத்துப் பார்க்கும் இடத்தில் ஒரு சிறு திரையை வைத்தது. எடுக்கப்போகும் படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பது பட்டனை அழுத்துமுன்பே அந்தத் திரையில் தெரிந்துவிடும். இந்தச் சிறு திரையைப் பற்றிப் பிறகு பேச வேண்டியிருக்கிறது, மறந்துவிடாதீர்கள்.

ஒரு காலத்தில் ஃபுல்-ஃபிரேம் என்பது பெரிய ஸ்டூடியோக்காரர்களின் சொத்து. 2019 பிப்ரவரியில் கேனன் நிறுவனம் இஓஎஸ் ஆர்பி என்ற கேமராவை 1,299 அமெரிக்க டாலருக்கு அறிவித்தபோது நிலைமை மாறியது. 26.2 மெகாபிக்சல். பேட்டரியும் கார்டும் சேர்த்து 485 கிராம். நம் அம்மாக்கள் கோயிலுக்கு எடுத்துச் செல்லும் அர்ச்சனைத் தட்டு இதைவிடக் கனமாக இருக்கும். 2020 ஜூலையில் நிக்கான் இசட்5 வந்தது. 24.3 மெகாபிக்சல், உடலுக்குள்ளேயே கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதி, இரண்டு கார்டு போடும் இடம். 2023இல் கேனன் ஆர்8 வந்தது. அது 461 கிராம் மட்டுமே.

விலை குறைவு என்றால் ஏதோ ஒன்றை வெட்டியிருப்பார்கள் என்பது கடைக்குப் போகும் எவருக்கும் தெரியும். ஆர்பியில் கை நடுக்க வசதி உடலுக்குள் இல்லை. நிறுவனக் கணக்குப்படி ஒரு பேட்டரிக்கு 250 படங்கள்தான். 4கே காணொளி எடுத்தால் காட்சியின் ஓரங்கள் வெட்டுப்படும். இசட்5 தொடர்ச்சியாக எடுத்தால் நொடிக்கு நாலரைப் படம்தான். காவடி ஆட்டத்திற்கு அது போதாது. ஆர்8இலும் கை நடுக்க வசதி உடலுக்குள் இல்லை, பேட்டரி அதே சிறிய பேட்டரி, கார்டு போட ஒரே இடம். என்னைக் கேட்டால், பிறர் திருமணத்தைக் காசு வாங்கிக்கொண்டு எடுப்பவர் இரண்டு கார்டு உள்ளதைத்தான் வாங்க வேண்டும். தாலி கட்டும் நேரத்தில் கார்டு செத்துப்போனால், மாப்பிள்ளையை அழைத்து மறுபடியும் கட்டச் சொல்ல முடியாது. எதை வாங்கினாலும் முதல் லென்சாக 50 மி.மீ. எஃப்1.8 ஒன்றை வாங்குங்கள். கேனனின் ஆர்எஃப் வகை 50 மி.மீ. லென்சு 160 கிராம்தான், விலையும் மலிவு. இன்னொன்று: கல்விக் கடன் பணம் வங்கிக் கணக்கில் விழுந்த வாரத்தில் கேமரா கடைப் பக்கமே போகாதீர்கள்.

இவ்வளவு விவரமும் எங்கும் கிடைக்கும். ஆண்டு மலரில் இதற்காக இடம் கேட்க வேண்டியதில்லை. நான் சொல்ல வந்தது வேறு.

நம் நிகழ்ச்சிகள் எத்தகைய வெளிச்சத்தில் நடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். கருவறை வாசலில் எண்ணெய் விளக்கு. மண்டபத்தில் மணமேடைக்குப் பின்னால் ஊதாவும் பச்சையுமாக எல்இடி விளக்குகள். இரவு ரத ஊர்வலத்தில் சுற்றிலும் இருட்டு, நடுவில் கண்ணைக் கூசவைக்கும் ரதம். மணமகன் வெள்ளைப் பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை. அவருக்கு மேலே நம் முகம். கேமராவின் ஒளியளவி அறிவுள்ள பொருளன்று. தான் பார்க்கும் எல்லாமே சராசரியாக நடுச் சாம்பல் நிறம் என்று அது நம்பிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய 18 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அது. வெள்ளை வேட்டியும் வெள்ளை மலர் அலங்காரமும் சட்டத்தை நிறைத்தால், 'ஆகா, வெளிச்சம் அதிகம்' என்று எண்ணி மொத்தத்தையும் குறைத்துவிடும். வேட்டி சாம்பலாகும், முகம் இருட்டில் மூழ்கும். மாறாக, இரவில் கறுத்த முகம் ஒன்றை அருகில் சென்று எடுத்தால், வெளிச்சம் போதவில்லை என்று எண்ணி ஏற்றிவிடும். முகம் வெளுத்து, வியர்வைப் பளபளப்பு மட்டும் மிஞ்சும். இரண்டிலும் பாதிக்கப்படுவது நாம்தான்.

இது கருவியின் இயல்பு என்று விட்டுவிடலாமா? கருவியைச் செய்தவர்கள் யாரை மனத்தில் வைத்துச் செய்தார்கள் என்பதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. கோடாக் நிறுவனம் படம் கழுவும் கடைகளுக்கு ஓர் அளவுகோல் அட்டையை அனுப்பி வந்தது. அதில் வெள்ளைக்காரப் பெண் ஒருவரின் படமும் பக்கத்தில் வண்ணப் பட்டைகளும் இருக்கும். அப்பெண்ணின் தோல் நிறம் சரியாக வரும்வரை இயந்திரத்தைத் திருகிச் சரிசெய்வார்கள். முதலில் அப்படத்தில் இருந்தவர் கோடாக் ஊழியர் ஷெர்லி பேஜ். அதனால் பிறகு வந்த எல்லா அட்டைகளுக்கும் 'ஷெர்லி அட்டை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஷெர்லிக்குச் சரியாக இருந்தால் உலகத்துக்கே சரி. கறுத்த தோலின் நுணுக்கங்களை அந்த வண்ணப் பிலிம் சரியாக வாங்கவில்லை. பற்களும் கண்களும் மட்டும் தெரியும்.

கனடாவின் கன்கோர்டியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோர்னா ரோத் இதை ஆராய்ந்து 2009இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். கோடாக் தன் பிலிமில் பழுப்பு நிறங்களைத் திருத்திய கதை அதில் வருகிறது. கறுப்பு இன மக்களின் முகம் சரியாக வரவில்லை என்பது நிறுவனத்தை அசைக்கவில்லை. சாக்லேட் தயாரிப்பாளர்கள், தங்கள் கறுப்புச் சாக்லேட்டுக்கும் பால் சாக்லேட்டுக்கும் விளம்பரப் படத்தில் வேறுபாடு தெரியவில்லை என்று முறையிட்டார்கள். தளவாடத் தயாரிப்பாளர்கள், ஒரு மரத்துக்கும் இன்னொரு மரத்துக்கும் உள்ள நிற வேறுபாடு படத்தில் வரவில்லை என்று முறையிட்டார்கள். பிலிம் அதன் பிறகுதான் திருந்தத் தொடங்கியது.

மூவார்க்காரனாகிய எனக்கு இந்த இடத்தில் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எங்கள் ஊர் தளவாடத்திற்குப் பெயர் பெற்றது. இந்நாட்டின் தளவாட ஏற்றுமதியில் பெரும்பங்கு மூவாரிலிருந்து போகிறது. அதற்கு ஆதாரமான மரம் ரப்பர் மரம். கால் நூற்றாண்டுக்கு மேல் பால் கொடுத்துக் களைத்த மரத்தை ஒரு காலத்தில் விறகுக்குத்தான் வெட்டினார்கள். 1980களுக்குப் பின் அதுவே மேசையாகவும் நாற்காலியாகவும் கப்பலேறியது. அந்த மரத்துக்குக் கீழே விடியற்காலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்வெட்டிய கைகள் யாருடையவை என்று இந்த மலரின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரப்பர் மரம் இயல்பில் வெளிறிய நிறம் கொண்டது. வாங்குபவர்களுக்குக் கரும்பழுப்பு பிடிக்கும் என்பதால் அதற்குச் சாயம் பூசிக் கறுப்பாக்கி விற்கிறார்கள். நாற்காலி கறுப்பாக இருந்தால் விலை கூடுகிறது. அந்த நாற்காலியில் உட்காரும் பெண்ணை மட்டும் வெளுக்க வேண்டியிருக்கிறது.

வகுப்புப் படங்களையும் இங்கே நினைவூட்டலாம். தமிழ்ப்பள்ளியில் எடுத்த வகுப்புப் படத்தில் எல்லாருடைய முகமும் தெளிவாக இருக்கும். எல்லாரும் ஏறக்குறைய ஒரே நிறம். ஒளியளவி குழம்ப இடமில்லை. தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகு எடுத்த படங்களை எடுத்துப் பார்த்தேன். பின்வரிசையில் மரநிழலில் நின்ற நாங்கள் நால்வரும் வெள்ளைச் சீருடைக்கு மேல் நிழலாகத்தான் இருக்கிறோம். எடுத்தவர் வேண்டுமென்று செய்யவில்லை. முன்வரிசைக்குச் சரியாக வந்ததும் போதும் என்று பொத்தானை அழுத்திவிட்டார். ஷெர்லி அட்டைக் காலத்து அமெரிக்கப் பள்ளிகளிலும் இதே கதைதான். வெள்ளையரும் கறுப்பரும் ஒரே வகுப்பில் உட்கார்ந்தபோது, தம் பிள்ளைகளின் முகம் படத்தில் தெரியவில்லை என்று தாய்மார்கள் குறைபட்டுக்கொண்டார்கள்.

ஆனால் நண்பர்களே, அந்தக் காலப் பிலிமிலேயே கறுத்த முகத்தை அழகாக எடுத்தவர்களும் இருந்தார்கள். 1978இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்' படத்திற்கு ஒளிப்பதிவு செய்தவர் மட்டக்களப்பில் பிறந்த பாலுமகேந்திரா. அதில் ரஜினிகாந்தும் ஷோபாவும் தம் சொந்த நிறத்தோடுதான் இருக்கிறார்கள். எவ்வளவு ஒளி, எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும் என்று ஒளிப்பதிவாளர் அறிந்திருந்தார். பிலிமின் குறையைக் கண்ணும் பொறுமையும் ஈடுசெய்தன.

இப்போது அந்தக் குறையும் பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. இதனால்தான் தொடக்கநிலை ஃபுல்-ஃபிரேம் கேமராவைப் பற்றி இவ்வளவு பேசுகிறேன். ரா கோப்பாக எடுத்தால் ஒவ்வொரு நிறத்திற்கும் 14 பிட், அதாவது 16,384 படிநிலைகள். ஜேபெக் கோப்பில் 256 மட்டுமே. கறுத்த தோலின் அழகு எல்லாம் இருண்ட பக்கத்துப் படிநிலைகளில்தான் இருக்கிறது. மாநிறத்துக்கும் கருமைக்கும் இடையில் எத்தனை நிறங்கள்! சென்சார் பெரியதாக இருப்பதால், வேட்டி வெளுத்துப் போகாதபடி எடுத்துவிட்டு, முகத்தின் நிழல்பகுதியைப் பிறகு கணினியில் தூக்கினாலும் புள்ளி புள்ளியாகச் சிதையாது. ஏபிஎஸ்-சியோடு ஒப்பிட்டால் ஒன்றேகால் ஸ்டாப் அளவுக்கு இதில் இலாபம். கண்ணை வைத்துப் பார்க்கும் அந்தச் சிறு திரையில் முகம் இருட்டாக வரப்போகிறதா என்று முன்கூட்டியே தெரிகிறது. ஒரு சக்கரத்தைத் திருப்பினால் சரியாகிவிடும். பாலுமகேந்திரா அனுபவத்தால் கணித்ததை நமக்குக் கேமராவே காட்டுகிறது. "வெளிச்சம் பத்தல, அதான் கறுப்பா வந்துருச்சு" என்று சொல்வதற்கு இனி நமக்கு உரிமை இல்லை.

அப்படியானால் நம் திருமண ஆல்பங்கள் ஏன் இப்படி இருக்கின்றன?

மாலை வேளையில் மூவார் தஞ்சோங் எமாஸ் ஆற்றங்கரைக்குப் போனால், திருமணத்திற்கு முந்தைய படங்கள் எடுக்க வரும் நம்மின ஜோடிகளைப் பார்க்கலாம். சூரியன் ஆற்றின் முகத்துவாரப் பக்கம் சாயும் நேரம். மஞ்சள் வெயில் படும்போது நம் தோலுக்கு வரும் நிறம், எந்த ஸ்டூடியோ விளக்கிலும் வராத செம்பு நிறம். கேமரா அதை அப்படியே பிடித்தும் விடுகிறது. இரண்டு வாரம் கழித்து ஆல்பம் வருகிறது. செம்பு போய்விட்டது, பால் ஊற்றிய தேநீர் நிறத்தில் இருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் பெரியம்மா மகளுக்குத் திருமணம் முடிந்து ஆல்பம் வந்தபோது வீடே கூடியது. எடுத்தது யார் என்பது இங்கே வேண்டாம். எந்தக் கடையில் கொடுத்திருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும். பாட்டி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் புரட்டினார். மருதாணி வைத்த கைகளைக் காட்டி, "இது நம்ம புள்ள கைதான். மேல இருக்கிற மூஞ்சி யாருது?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தோம். அக்கா சிரிக்கவில்லை. முகத்தை வெளுக்கச் சொல்லி அவள் கேட்கவும் இல்லை. யாரும் அவளிடம் கேட்கவும் இல்லை.

2017 ரமலான் மாதத்தில் வாட்சன்ஸ் மலேசியா நிறுவனம் ஒரு விளம்பரக் காணொளி வெளியிட்டது. இனிய குரலுக்குச் சொந்தக்காரியைத் தேடும் பணக்காரர் ஒருவர், முகத்திரை விலகியதும் அவள் கறுப்பாக இருப்பதைக் கண்டு அதிர்ச்சி அடைகிறார். அவள் முகம் கழுவி வெள்ளையானதும் மகிழ்கிறார். நடிகையின் முகத்தில் கறுப்பு மையைப் பூசி எடுத்திருந்தார்கள். நாடே கொதித்தது. நிறுவனம் காணொளியை நீக்கி மன்னிப்புக் கேட்டது. 1975 முதல் இந்தியாவில் விற்றுவந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' களிம்பும் 2020இல் பெயரிலிருந்த 'ஃபேர்' என்ற சொல்லைக் கைவிட்டு 'குளோ அண்ட் லவ்லி' ஆகிவிட்டது. 2021இல் கூகல் தன் பிக்சல் 6 கைத்தொலைபேசியில் கறுத்த தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்றே தனி முயற்சி எடுத்து, அதை விளம்பரமும் செய்தது. உலக வணிகம் வெட்கப்பட்டோ இலாபம் கருதியோ நகர்கிறது. நம் வீட்டு வரவேற்பறையில் தொங்கும் திருமணப் படம் மட்டும் அந்த விளம்பரத்தின் கடைசிக் காட்சியிலேயே நிற்கிறது. அதைச் செய்த கையும் நம் கைதான்.

படமெடுக்கும் நண்பர்களிடம் பேசினால் அவர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. "வாடிக்கையாளர் அப்படித்தான் கேட்கிறார். செய்யாவிட்டால் அடுத்த திருமணம் வேறொருவருக்குப் போய்விடும்" என்கிறார்கள். உண்மை. மாணவராக இருந்துகொண்டு இரண்டாயிரம் வெள்ளி வேலையை இழக்க யாருக்கும் மனம் வராது. மணப்பெண் தான் விரும்பியபடி தோன்றுவது அவள் உரிமை என்ற வாதமும் உண்டு. அதையும் ஏற்கிறேன். ஒப்பனை அவள் விருப்பம். எந்த நிறப் பவுடர் பூசுவது என்று சொல்ல நான் யார்? ஆனால் நான் பார்த்தவரை வெளுப்பது பெரும்பாலும் கேட்டுச் செய்யப்படுவதில்லை. மென்பொருளில் ஒரு முன்னமைப்பைச் செய்து வைத்துக்கொண்டு, எண்ணூறு படங்களுக்கும் ஒரே சொடுக்கில் பூசிவிடுகிறார்கள். மணமகளின் அப்பாவும் வெளுக்கிறார், நாதஸ்வரக்காரரும் வெளுக்கிறார், பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் மாமாவும் வெளுக்கிறார். இதில் யாருடைய விருப்பம் நிறைவேறுகிறது? பத்துப் படங்களை இயல்பான நிறத்தில் அச்சிட்டு முதலில் காட்டுங்கள். "இப்படி வேண்டுமா, வெளுத்து வேண்டுமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்கப்பட்ட பிறகும் வெளுப்பைத் தேர்ந்தெடுப்பவர்கள் இருப்பார்கள். குறைவாகத்தான் இருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. இதைச் செய்துபார்க்கப் பெரிய செலவும் இல்லை.

இன்னொரு காரணத்திற்காகவும் இது அவசரம். மூவார் வட்டாரத்திலும் தோட்டங்கள் உண்டு. லானாட்ரோன் தோட்டத்தின் பெயரை இன்றும் ஒரு தமிழ்ப்பள்ளி தாங்கி நிற்கிறது. தோட்டத்தில் பால்வெட்டி வாழ்ந்த தலைமுறை முதுமையில் இருக்கிறது. விடுமுறையில் ஊருக்குப் போகும்போது அவர்களைப் படமெடுத்து வாருங்கள் என்று கழகத்தில் பலமுறை பேசியிருக்கிறோம். வெயிலில் கறுத்த தோலும், பால்கத்தி பிடித்துக் காய்த்த விரலும் அவர்களுடைய வரலாறு. அதை மென்மையாக்கும் மென்பொருளில் போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்தால் நமக்குக் கிடைப்பது என்ன? சுருக்கமும் நிறமும் போன பிறகு, எந்த ஊர்த் தாத்தா என்றே தெரியாத ஒரு முகம்தான் மிஞ்சும்.

குறை சொல்லும்போது நம் வீட்டையும் பார்க்க வேண்டும். நம் கழக மலர்களின் பழைய இதழ்களைப் புரட்டினால் செயலவையினர் பக்கத்தில் ஆண்டுக்காண்டு நாம் வெளுத்துக்கொண்டே வருவதைக் காணலாம். பழைய இதழ்களில் அச்சின் தரம் மோசம். முகங்கள் கருமையில் கரைந்திருக்கின்றன. அண்மைய இதழ்களில் அச்சு அருமை. முகங்கள் மைதாமாவில் கரைந்திருக்கின்றன. இடையில் எங்கேயோ நம் நிறம் இருந்திருக்க வேண்டும்.

ஆகையால் இவ்வாண்டு செயலவைப் படங்களை எடுக்கப்போகும் தம்பிக்கு நேரடியாகவே சில வார்த்தைகள். கழகத்தின் கேமராவை ரா கோப்பில் வை. வெள்ளைச் சுவருக்கு முன்னால் எல்லாரையும் வெள்ளைச் சட்டையில் நிறுத்தாதே. நிறுத்தித்தான் ஆக வேண்டுமென்றால் ஒளிச் சரிக்கட்டலைக் கூட்டல் மூன்றில் இரண்டுக்குத் திருப்பி, சிறு திரையில் முகத்தைப் பார். சட்டையைப் பார்க்காதே. குழாய் விளக்கின் நேர்க்கீழே வேண்டாம். சன்னல் ஓரம் போதும். குழுப்படத்தில் நிறம் குறைந்தவர்களையும் கூடியவர்களையும் கலந்து நிறுத்தினால், நிழல் பக்கம் யாரும் போகாதபடி பார்த்துக்கொள். கேமராவில் தோலை மென்மையாக்கும் அமைப்பு ஏதேனும் இருந்தால் அணைத்துவிடு. அச்சகத்திற்குக் கோப்புகளை அனுப்புமுன் ஒருமுறை என்னிடம் காட்டு. நம் பொருளாளர் தம் முகத்தை மட்டும் 'கொஞ்சம் பிரைட்' ஆக்கித் தரும்படி இப்போதே புலனத்தில் செய்தி அனுப்பிவிட்டார்.